பெர்லினில் ஒரு பின்பனிக்காலம்

வரலாற்றாசிரியர்களைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் அவர்தம் நூல்களின் வரிசையாகவே அமைந்துவிடுகின்றன. அந்நூல்களை எழுதுமுன், மாணவப் பருவத்தில், அவர்கள் எங்கே தங்கினர், எதை உண்டனர், எவருடன் உலவினர், எந்த வகுப்பறையில் மனம் நொந்தனர் என்பவை பதிவு பெறுவது அரிது. இதற்கு விதிவிலக்காக நிற்பவர்களுள் ஒருவர், அமெரிக்கக் கறுப்பின அறிஞரான வில்லியம் எட்வர்டு பர்கார்ட் டூ பாய்ஸ் (1868-1963). 1892 முதல் 1894 வரை பெர்லின் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், 1893 பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாளில் தம் இருபத்தைந்தாம் பிறந்தநாளைக் கழித்த வகையைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் என்பது தமிழ் மரபு. பெர்லினில் அந்நாள் அத்தகையதொரு பொழுது. பல்கலைக்கழகத்தின் முன்னுள்ள பெருவீதியில் லிண்டன் மரங்கள் இலையின்றி நிற்கும்; குளிர்கால வகுப்புகள் முடிவை நெருங்கும்; இளவேனில் இன்னும் வந்திராது. அந்த இடைப்பொழுதில் தனியறை ஒன்றில் எழுதப்பட்ட சில பக்கங்கள், பின்னர் எழுபது ஆண்டுகள் நீண்ட ஓர் உழைப்பின் விதையாயின.

கடல் கடந்த வழி

டூ பாய்ஸ் பிறந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூர். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது இரண்டு ஆண்டுகளே கடந்திருந்தன. தந்தை குடும்பத்தைப் பிரிந்து சென்றுவிட, தாயின் உழைப்பில் வளர்ந்தார். 1885இல் அத்தாயும் மறைந்தார். அதே ஆண்டு நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1888இல் அங்குப் பட்டம் பெற்று ஹார்வர்டுக்குச் சென்றார். தத்துவம் பயின்று பின்னர் வரலாற்றுக்குத் திரும்பிய அவர், ஆப்பிரிக்க அடிமை வணிகம் அமெரிக்காவில் ஒடுக்கப்பட்ட வரலாற்றைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார்.

அக்காலத்தில் உயராய்வுக்கு ஜெர்மனி செல்வது அமெரிக்க மாணவரிடையே வழக்கம். ஆனால் கறுப்பின மாணவர் ஒருவருக்குப் பொருள் தருவார் யார்? விடுதலை பெற்ற அடிமைகளின் கல்விக்கென 1882இல் பத்து இலட்சம் டாலரில் நிறுவப்பட்ட ஸ்லேட்டர் அறநிதியின் தலைவராக, முன்னாள் குடியரசுத் தலைவர் ரதர்ஃபோர்டு ஹேய்ஸ் இருந்தார். ஐரோப்பாவுக்கு அனுப்பத் தக்க கறுப்பின இளைஞர் கிடைத்திலர் என்னும் பொருள்பட அவர் பேசியதாக 1890இல் செய்தி வெளிவந்தது. டூ பாய்ஸ் உடனே விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டபோது, அம்மறுப்பின் முறையின்மையைச் சுட்டிக் கடுமையாகவே மடல் எழுதினார். ஆசிரியர்களின் பரிந்துரைகளும் விடாமுயற்சியும் 1892இல் பயன் தந்தன. ஆண்டுக்கு 750 டாலர். அதில் பாதி கொடை, பாதி கடன். அதைப் பெற உதவிய ஹேய்ஸ், 1893 ஜனவரி 17ஆம் நாள், மாணவரின் அந்தப் பிறந்தநாளுக்கு ஒரு திங்கள் முன்னர், காலமானார்.

அவர் கப்பலேறிய 1892ஆம் ஆண்டில் மட்டும் 161 கறுப்பினத்தவர் அமெரிக்காவில் வெறிக்கும்பல்களால் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர் என்பது டஸ்கீகி நிறுவனம் தொகுத்த கணக்கு. அந்நாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு ஐரோப்பாவின் அன்றாடம் எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.

அன்றாடத்தின் வியப்பு

ரைன் நதி வழியே ஜெர்மனிக்குள் நுழைந்த டூ பாய்ஸ், முதலில் ஐசனாக் நகரில் சமயகுரு ஒருவரின் இல்லத்தில் தங்கி மொழி பழகினார். அவ்வீட்டு மேசையில் எல்லோருடனும் ஒருவராக அமர்ந்து உண்டார்; விருந்துகளில் நடனமாடினார்; அயலாருடன் மலைப்பாதைகளில் உலவினார். அவ்வீட்டு மகள் அவரை மணக்கவும் இசைந்தாள். அவளை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்வது அவளுக்கும் தம் பணிக்கும் நீதியாகாது என்று கருதி அவர் விலகினார்.

அக்டோபரில் பெர்லின் வாழ்க்கை தொடங்கியது. வாடகை அறை, எண்ணிச் செலவிடும் காசு, மலிவு விலையில் இசையரங்குகள், ஓவியக்கூடங்கள், படிப்பறை, மாலையில் ஆய்வு வகுப்பு என நாட்கள் சென்றன. கையுறையும் கைத்தடியும் அவருடைய அணிகலன்கள் ஆயின. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் பாணியில் மீசையைத் திருத்திக்கொண்ட அதே இளைஞர், பாங்கோ பகுதியில் நடைபெற்ற சமூக ஜனநாயகக் கட்சியின் கூட்டங்களுக்கும் சென்று வந்தார். இம்முரண்பாட்டை அவர் பிற்காலத் தன்வரலாற்றில் மறைக்கவில்லை.

இவற்றுள் எதுவும் பெருநிகழ்ச்சி இல்லை. உணவகத்தில் இடம் தரப்படுவதும், இருக்கை மாற்றச் சொல்லப்படாமல் இசை கேட்பதும் பிற மாணவருக்கு நினைவில் நில்லாச் சிறுமைகள். டூ பாய்ஸுக்கோ, நிறத்தின் வழியாகவே மனிதரைக் கண்ட பழக்கம் சிறிது சிறிதாகத் தளர்ந்தது. வெள்ளையர் என்னும் திரளுக்குள் தனித்தனி மனிதரை அவர் காணலானார். தம்மையும் அவ்வாறே கண்டார். அன்றாடம் என்பது சிலருக்குப் பழக்கம், சிலருக்குப் பேறு என்பதை இதனால் அறியலாம்.

இரண்டு வகுப்பறைகள்

ஆயினும் இப்பேற்றுக்கும் ஓர் எல்லை இருந்தது. அக்காலப் பெர்லினில் மிகுந்த புகழ் பெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஹைன்ரிக் ஃபான் ட்ரைட்ஷ்கே. பிரஷ்ய அரசின் பெருமை பேசியவர். 1879இல் எழுதிய கட்டுரையால் யூத வெறுப்புக்குப் பல்கலைக்கழக மதிப்பை ஈட்டித் தந்தவர். அவருடைய சொற்பொழிவு ஒன்றில் டூ பாய்ஸ் அமர்ந்திருந்தார். பேச்சு அமெரிக்காவின் பக்கம் திரும்பியது. கலப்பினத்தவர் தாழ்ந்தவர்கள், தாங்கள் தாழ்ந்தவர்கள் என்பதைத் தாங்களே உணர்ந்தும் இருக்கிறார்கள் என்று பேராசிரியர் முழங்கினார். அவர் பார்வை தம்மையே துளைப்பதாக மாணவர் உணர்ந்தார். ஆனால் பேராசிரியர் அவரைக் கவனிக்கவே இல்லை போலும். செவிப்புலன் இழந்திருந்த அப்பேராசிரியரிடம் எழுந்து மறுமொழி கூறினாலும் அது சென்று சேர்ந்திராது.

மற்றொரு வகுப்பறை குஸ்டாவ் ஷ்மொல்லருடையது. பொருளியலை வரலாற்று வழியில் ஆய்ந்த அவருடைய முறை அடக்கமானது. என்ன நிகழ வேண்டும் என்பதைப் பின்னர்ப் பேசலாம். என்ன நிகழ்ந்தது, எவ்வாறு நிகழ்ந்தது என்பதை முதலில் பொறுமையாகத் திரட்டுக என்பதே அதன் சாரம். குடும்ப வரவுசெலவு, நிலவுடைமை, கூலி, விளைச்சல் ஆகிய சிறு செய்திகள் அங்கே ஆய்வுப் பொருள்களாயின. அமெரிக்கத் தென்மாநிலங்களில் பெரும்பண்ணையும் சிறுபண்ணையும் பற்றி டூ பாய்ஸ் அவ்வகுப்பிற்காக ஆய்வுரை எழுதினார். ஒரு மண்டபத்தில், சான்றின்றியே ஓர் இனம் தாழ்ந்தது என்று தீர்ப்பு வழங்கப்பட்டது. மற்றொன்றில், சான்றின்றித் தீர்ப்புக் கூறலாகாது என்று கற்பிக்கப்பட்டது. முதல் மண்டபத்தின் காயத்துக்கு மருந்து இரண்டாவதில் இருந்தது.

ஒரு பிறந்தநாளின் நிரல்

இச்சூழலில்தான் பிப்ரவரி 23 வந்தது. முதல்நாள் மாலையே விழா தொடங்கிவிட்டது. ஷூபர்ட்டின் நிறைவுறாச் சிம்பனியை அரங்கில் கேட்டு வந்தார். பாட்டிக்கு மடல் எழுதினார். பின்னர் அறையில் தனியே மெழுகுவத்திகள் ஏற்றி, கிரேக்க மதுவும் எண்ணெயும் வைத்து, பாட்டும் வேண்டுதலுமாகத் தாமே வகுத்துக்கொண்ட சடங்கு ஒன்றை நிகழ்த்தினார். தம் சிறு நூல்தொகுப்பை மறைந்த அன்னையின் நினைவுக்கு உரியதாக்கினார். படையலுக்கென அவரிடம் இருந்த செல்வம் புத்தகங்களே.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எழுந்து காப்பியும் ஆரஞ்சும் உண்டார், பழைய மடல்களைப் படித்தார், பெற்றோரை நினைத்தார், பாடினார், அழுதார். பிறகு படிப்பறைக்கும் ஓவியக்கூடத்துக்கும் சென்றார். நண்பர் ஒருவருடன் நல்ல உணவு, ரைன் நாட்டு மது. மற்றொருவருடன் ஸ்டெக்லிட்ஸ் பகுதியில் உலா. போட்ஸ்டாமில் காப்பி, அங்கு அழகிய பெண் ஒருத்தியைக் கண்டதையும் எழுத மறக்கவில்லை. திரும்பி வந்து ஆய்வு வகுப்பு. இரவில் கோக்கோ, மது, ஆரஞ்சு, கேக் ஆகியவற்றோடு தனியுணவு. இறுதியில் ஆண்டுக் குறிப்பேட்டை எழுதி முடித்து, தம் வாழ்வின் மிக மகிழ்ச்சியான நாட்களுள் இஃது ஒன்று என்ற நிறைவோடு உறங்கச் சென்றார்.

அழுகைக்கும் ஆரஞ்சுக்கும் ஒரே வரிசையில் இடம் தந்த இக்குறிப்பு, தேர்ந்த வரலாற்று மாணவர் ஒருவரின் கைவண்ணம். ஆனால் அதே குறிப்பேட்டின் வேறு பக்கங்களில் குரல் மாறுகிறது. தாம் மேதையா, மூடரா என்று தம்மையே வினவுகிறார். அறிவியலில் பெயர் பெறுதல், இலக்கியத்தில் பெயர் பெறுதல், அவ்வழியே தம் இனத்தை உயர்த்துதல் எனத் தம் நோக்கங்களை வகுக்கிறார். விவிலியத்தில், அழைப்பின்றி அரசன் முன் சென்றால் உயிர் போகலாம் என்றறிந்தும் தன் மக்களுக்காகச் சென்ற எஸ்தர் அரசியின் உறுதிமொழியைத் தமதாக்கிக்கொள்கிறார். நாட்குறிப்பும் நோன்புமொழியும் ஒரே ஏட்டில் அமைந்தன.

இளவேனிலும் திரும்புதலும்

1893இல் உதவித்தொகை மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. விடுமுறையில் இத்தாலி, வியன்னா, கிராக்கோ எனப் பயணம் செய்தார். கலீசியாவின் சிற்றூர் ஒன்றில் வண்டியோட்டி அவரை நோக்கி, யூதர்களிடையே தங்க விருப்பமா என்று வினவினான். நிறமே வேற்றுமையின் ஒரே அடையாளம் என்று எண்ணியிருந்தவருக்கு அவ்வினா முதலில் விளங்கவில்லை. வார்சாவில் அழிக்கப்பட்ட யூதக் குடியிருப்பின் இடிபாடுகளைக் கண்டபின், 1952இல் எழுதிய கட்டுரையில் அவர் அதை நினைவுகூர்ந்தார்.

அடுத்த இளவேனில் ஏமாற்றத்துடன் வந்தது. முனைவர் பட்டத்துக்கு விதி வேண்டிய கல்விப் பருவங்கள் நிறைவுறவில்லை. ஷ்மொல்லர் முதலானோர் பரிந்து பேசியும் பல்கலைக்கழகம் விலக்கு அளிக்கவில்லை. அறநிதியோ மேலும் பொருள் தர மறுத்தது. 1894 ஜூனில், கப்பலின் அடித்தளப் பயணியாக, பெர்லின் பட்டம் இன்றியே ஊர் திரும்பினார். 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

ஏட்டில் எழுதியது

அந்த ஏட்டில் எழுதிய நோக்கங்கள் வெறும் இளமைக் கனவாக முடிந்திருக்கலாம். பின்வந்த ஆண்டுகள் அதற்கு இடந்தரவில்லை. 1896-97இல் ஃபிலடெல்ஃபியாவின் ஏழாம் வட்டத்தில் வீடு வீடாகச் சென்று சற்றேறக்குறைய 2,500 குடும்பங்களை வினவி, 1899இல் அந்நகரக் கறுப்பின மக்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஷ்மொல்லர் வகுப்பின் பயிற்சி இங்கே கண்கூடு. 1903இல் வந்த ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ என்னும் நூலில், இயல்களின் முகப்பில் கவிதை வரிகளையும் அடிமைகள் பாடிய துயரப் பாடல்களின் இசைக் குறிப்பையும் அருகருகே அமைத்தார். பெர்லின் மேசையில் அவருக்குக் கிடைத்த சம இருக்கையை, ஏட்டில் தம் முன்னோரின் பாட்டுக்கு அவர் வழங்கினார்.

ட்ரைட்ஷ்கேக்கு உரிய மறுமொழி நெடுங்காலம் கழித்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தை, தகுதியற்ற கறுப்பினத்தவரின் ஆட்சிக்காலமாகச் சித்திரித்த வரலாற்றுப் பள்ளியின் தலைவர் கொலம்பியா பல்கலைக்கழகத்து வில்லியம் டன்னிங். அவரும் பெர்லின் சென்று ட்ரைட்ஷ்கேயிடம் பயின்றவர். அப்பள்ளியை மறுத்து, 1935இல் டூ பாய்ஸ் ‘கறுப்பின மறுசீரமைப்பு’ என்னும் நூலை வெளியிட்டார். வரலாறு எவ்வாறு பரப்புரையாக ஆக்கப்படுகிறது என்பதையே அதன் இறுதி இயல் ஆராய்கிறது. 1893இல் எழுந்து பேச இயலாத மாணவரின் சொற்கள், அவருடைய அறுபத்தேழாம் வயதில் அச்சேறின.

இலக்கியத்தில் பெயர் பெறும் நோக்கம் தமக்காக மட்டும் நில்லவில்லை. 1910 முதல் 1934 வரை அவர் நடத்திய ‘தி கிரைசிஸ்’ இதழ், ஜெஸ்ஸி ஃபாசெட் இலக்கியப் பகுதியைக் கவனித்த நாளில், 1921 ஜூனில், லாங்ஸ்டன் ஹியூஸ் என்னும் அறியப்படாத இளைஞரின் நதிகள் பற்றிய கவிதையை வெளியிட்டது. பின்னர் உலகப் புகழ் பெற்ற கவிஞருக்கு முதற்கதவைத் திறந்த இதழ்களுள் அதற்குத் தனியிடம் உண்டு.

1958இல், தொண்ணூறு வயதை எட்டிய டூ பாய்ஸுக்கு, ஹம்போல்ட் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறியிருந்த அதே பெர்லின் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1963 ஆகஸ்டு 27ஆம் நாள், கானாவின் அக்ரா நகரில் அவர் மறைந்தார். மறுநாள் வாஷிங்டனில் உரிமை கோரித் திரண்ட பெருங்கூட்டத்தில் அச்செய்தி அறிவிக்கப்பட்டது.

தம் மக்களுக்கு வரலாறு இல்லை என்று சொல்லப்பட்ட காலத்தில், தம் ஒரு நாளை மணிக்கு மணி எழுதி வைத்தவர் அவர். எழுதி வைக்கப்பட்ட வாழ்க்கையை இல்லையென மறுப்பது கடினம். அந்த வாய்ப்புக் கிடைக்காதவர்களின் நாட்களைத் தேடி, பின்னாளில் அவர் 2,500 வாயில்களில் நின்றார்.