திண்ணையிலிருந்து விடுதிக்கு

வானூரிலிருந்து தெற்கே புதுச்சேரிக்குள் செல்வோர் பலர் கடலோர வெள்ளை நகரத்தைக் கண்டு திரும்பிவிடுவர். பெரிய வாய்க்காலுக்கு மேற்கேயுள்ள தமிழர் பகுதியே நம் கவனத்துக்குரியது.

1761-இல் ஆங்கிலேயர் நகரைத் தகர்த்தனர். இன்று காணும் பழைய வீடுகள் பெரும்பாலும் அதன்பின் எழுந்தவை. தெருவை ஒட்டிச் சாய்கூரைத் தாழ்வாரம், அடுத்துத் திண்ணை, உள்ளே தூண்கள் சூழ்ந்த முற்றம். தாழ்வாரம் வழிப்போக்கருக்கு நிழல் தந்தது. திண்ணையில் யாத்திரிகர் இளைப்பாறினர். கீழ்த்தளம் தமிழ் மரபில் நிற்க, மேல்தளங்கள் பல பிரெஞ்சு வளைவுகளை ஏற்றன. ஆகவே இக்கலப்பு இன்றைய உள்ளலங்காரக் கலைஞரின் கண்டுபிடிப்பன்று.

பெருமாள் கோவில் வீதியின் 'மெசோன் பெருமாள்' அத்தகையதொரு வீடு. இன்று 10 அறைகள் கொண்ட விடுதி. முற்றமும் தூண்களும் நிலைத்திருக்க, நவீன வசதிகள் அறைகளுக்குள் அடங்கின. வைசியாள் வீதி முகப்புகளைச் சீரமைத்த பணி 2008-இல் யுனெஸ்கோ விருது பெற்றது.

கூட்டுக்குடும்பம் கலைந்தபின் பாகம் பிரிக்க இயலாத வீடுகள் எளிதில் இடிபடுகின்றன. விடுதியாக மாறுவது அவற்றுக்கு ஆயுள் தருகிறது. இதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் யாரென்று கேளாமல் இடந்தந்த திண்ணை, வாடகை செலுத்துவோருக்கு மட்டும் உரியதாகிவிடலாகாது. மரபை மீட்போர் தெருத் தாழ்வாரத்தையேனும் ஊருக்குப் பொதுவாக விட்டுவைக்க வேண்டும்.