நாற்பதைத் தாண்டினால் எழுத்து மங்குவது ஏன்? காண்டாக்ட் லென்ஸ், அறுவைச் சிகிச்சை எவ்வளவு உதவும்?

வார இறுதியில் ஈப்போவில் இருக்கும் வீட்டுக்குப் போகிறீர்கள். அம்மா ஊசியையும் நூலையும் நீட்டி, "கொஞ்சம் கோத்துக் குடு கண்ணு" என்கிறார். அப்பா கைப்பேசியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாட்சாப் படிக்கிறார். "என்னப்பா, கண்ணு தெரியலையா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, வெளிச்சம் பத்தல" என்று முடித்துவிடுவார்.

குறை வெளிச்சத்தில் மட்டும் இல்லை. வயதானால் கிட்டத்தில் இருப்பது தெளிவில்லாமல் போகும் இந்த மாற்றத்துக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: வெள்ளெழுத்து. மருத்துவர்கள் பிரெஸ்பயோபியா என்பார்கள். 'கண்ணாடியே வேண்டாம், லென்ஸ் போடலாம், லேசர் செய்யலாம்' என்ற விளம்பரங்கள் இப்போது உங்கள் பெற்றோரின் கைப்பேசிக்கும் வருகின்றன. அவற்றில் எது உண்மையில் என்ன செய்யும் என்று பார்ப்போம்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கருவிழிக்குப் பின்னால் நம் எல்லோருக்கும் இயற்கையான லென்ஸ் ஒன்று இருக்கிறது. இள வயதில் அது மெத்தென்று இருக்கும். கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள தசை சுருங்க, லென்ஸ் தடித்துக்கொள்ளும், எழுத்து தெளியும். தூரத்தைப் பார்த்தால் பழையபடி தட்டையாகும்.

வயது ஏற ஏற அந்த லென்ஸ் இறுகுகிறது. நாற்பது, நாற்பத்தைந்து வயதில் இதை உணரத் தொடங்குவோம். அறுபது, அறுபத்தைந்து வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இது நோய் அல்ல. அதிகம் படித்ததாலோ கைப்பேசி பார்த்ததாலோ வருவதும் அல்ல. தலை நரைப்பதைப் போல எல்லோருக்கும் வருவது.

முக்கியமான ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். இறுகிய லென்ஸை மறுபடியும் இருபது வயது லென்ஸாக மாற்றும் சிகிச்சை இன்று கிடையாது. கண்ணாடி, காண்டாக்ட் லென்ஸ், அறுவைச் சிகிச்சை எல்லாமே மாற்று வழிகள்தான். ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பெற இன்னொன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

எழுதப் படிக்காதவருக்கும் இது பிரச்சனையா?

"நான் என்ன ஆபீஸ்லயா வேலை செய்யறேன், எனக்கு எதுக்குக் கண்ணாடி?" என்று கேட்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் நிறைய.

பேராக்கில் ரப்பரின் கதை நீளமானது. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அதன் பிறகு சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் பீடோரிலும் தோட்டங்கள் பெருகின. பால்மரம் வெட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு நுணுக்கமான கண் வேலை என்று சொல்வார்கள். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் மங்கில் பால் சேராது. கூடினால் மரத்தில் காயம். உள்ளே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்ட வேண்டும். அதுவும் விடியுமுன், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில். மங்கலான வெளிச்சத்தில் கண்ணின் பாவை விரியும். அப்போது வெள்ளெழுத்து இன்னும் மோசமாகத் தெரியும்.

கிட்டப் பார்வைக்கும் தோட்ட வேலைக்கும் உள்ள தொடர்பை அசாமில் ஒரு ஆய்வு அளந்து காட்டியது. நாற்பது வயதைத் தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களில் ஒரு பிரிவினருக்கு உடனே வாசிப்புக் கண்ணாடி இலவசமாகத் தரப்பட்டது. கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த கொழுந்தின் அளவு மற்றவர்களைவிட ஏறக்குறைய 22 விழுக்காடு கூடியது. 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் இது வெளியானது. கொழுந்து பறிக்க எழுத்து தெரிய வேண்டியதில்லை. கிட்டத்தில் இருப்பது தெரிந்தால் போதும். ஆனால் உலகில் சுமார் 82 கோடியே 60 லட்சம் பேர் வெள்ளெழுத்துக்கு வேண்டிய கண்ணாடிகூட இல்லாமல் இருப்பதாக 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

முதலில் பரிசோதனை, அப்புறம்தான் தேர்வு

பசார் மாலாமில் வாங்கும் ரெடிமேட் கண்ணாடி கெடுதல் செய்யாது. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் உள்ளவருக்கு அது உதவவும் செய்யும். ஆனால் 'கண்ணாடி வாங்கியாச்சு, வேலை முடிஞ்சது' என்று நினைப்பதில்தான் ஆபத்து.

கண் அழுத்த நோயான குளுக்கோமா வலியில்லாமல் பார்வையைத் தின்னும். இனிப்பு நீர் விழித்திரையைப் பாதிக்கும். இரண்டும் வரும் வயது, வெள்ளெழுத்து வரும் அதே வயதுதான். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது; இனவாரியாக இந்தியர்களிடமே அது மிக அதிகம்.

இன்னொரு விஷயம். இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத வாரத்தில் எடுத்த அளவை வைத்துக் கண்ணாடி செய்தால், அடுத்த மாதம் அது பொருந்தாமல் போகலாம்.

காண்டாக்ட் லென்ஸில் என்ன வழிகள்?

மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, தூரத்துக்குக் காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு, படிக்கும்போது மட்டும் மேலே வாசிப்புக் கண்ணாடி. எளிமையான வழி, பார்வையும் தெளிவு. ஆனால் கண்ணாடியை விட முடியாது.

இரண்டு, மோனோவிஷன். ஒரு கண்ணுக்குத் தூரப் பார்வை, மறு கண்ணுக்குக் கிட்டப் பார்வை. எதைப் பார்க்க எந்தக் கண் என்பதை மூளை பழகிக்கொள்ளும். பலர் சில வாரங்களில் பழகிவிடுவார்கள். சிலருக்குக் கடைசிவரை ஒத்துவராது. தூரத்தைக் கணிக்கும் திறன் கொஞ்சம் குறையும். படி இறங்கும்போதும் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் இதை உணரலாம்.

மூன்று, மல்டிஃபோக்கல் லென்ஸ். ஒரே லென்ஸில் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பவர் இருக்கும். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யும். ஆனால் மங்கலான இடத்தில் எழுத்தின் கறுப்பு கொஞ்சம் வெளுத்துத் தெரியும். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தோன்றலாம். இரவில் மெனோரா சுரங்கப்பாதை வழியாக வடக்கே அடிக்கடி கார் ஓட்டும் அப்பாவுக்கு இது பெரிய விஷயம்.

வயதானால் கண்ணீர் சுரப்பும் குறையும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கண் வறட்சி அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கும், புல் வெட்டுவது போன்ற தூசி வேலை செய்பவர்களுக்கும், விரல் நடுக்கம் உள்ளவர்களுக்கும் கண்ணாடியே நல்லது.

லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். லாத்தா கிஞ்சாங் அருவிக்குப் போனால் கழற்றி வைத்துவிட்டுக் குளியுங்கள். தண்ணீரில் உள்ள அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைத் தாக்கினால் பார்வையே போகலாம். மலேசியாவில் காண்டாக்ட் லென்ஸ் விற்பனை 1991 ஒப்டிக்கல் சட்டத்துக்கு உட்பட்டது. 'ஆன்லைன்ல மலிவா கிடைக்குது' என்று வாங்காமல், பதிவு பெற்ற ஒப்டோமெட்ரிஸ்ட்டிடம் அளவெடுத்துப் போட வேண்டும்.

சரி, அறுவைச் சிகிச்சை?

லேசிக் போன்ற லேசர் சிகிச்சைகள் கருவிழியின் வடிவத்தை மாற்றுகின்றன. பிரச்சனை இருப்பதோ உள்ளே இருக்கும் லென்ஸில். அதனால் வெள்ளெழுத்துக்கு லேசர் செய்தாலும், பெரும்பாலும் ஒரு கண்ணைக் கிட்டப் பார்வைக்கு விட்டுவிடும் மோனோவிஷன்தான் கிடைக்கும். காண்டாக்ட் லென்ஸை ஒத்துவரவில்லை என்று கழற்றலாம். லேசரைக் கழற்ற முடியாது. ஆகவே, முதலில் காண்டாக்ட் லென்ஸில் மோனோவிஷனைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒத்துவந்தால் மட்டும் அறுவையை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது வழி, இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைப்பது. கண்புரை அறுவைச் சிகிச்சையும் இதுதான். 1949இல் லண்டனில் ஹரோல்டு ரிட்லி முதன்முதலாக இதைச் செய்தார். ஒரே தூரத்துக்கான லென்ஸ் வைத்தால் தூரம் தெளிவாக இருக்கும். படிக்கக் கண்ணாடி வேண்டும். பல தூரங்களுக்கான லென்ஸ் வைத்தால் கண்ணாடியின் தேவை குறையும். இரவில் ஒளி வளையம் வரலாம். விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு உள்ளவருக்குப் பல தூர லென்ஸ் பொதுவாகப் பொருந்தாது.

கண்புரை இருந்தால் எப்படியும் லென்ஸை மாற்றத்தான் வேண்டும். அப்போது எந்த லென்ஸ் என்று யோசிப்பது நியாயம். கண்புரையே இல்லாமல், கண்ணாடியை விட மட்டும் லென்ஸை மாற்றுவது வேறு கணக்கு. தொற்று, விழித்திரை விலகல் போன்றவை அரிதாக வரும், ஆனால் வந்தால் கடுமையானவை. தூரப் பார்வைக் குறை அதிகம் உள்ளவர்களுக்கு விழித்திரை விலகும் ஆபத்து கூடுதல்.

புதுசு என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. கருவிழிக்குள் சிறு வில்லை வைக்கும் ரெயின்ட்ராப் என்ற முறைக்கு அமெரிக்கா 2016இல் அனுமதி தந்தது. கருவிழி மங்கலாகிறது என்று தெரிந்ததும் 2018இல் அது திரும்பப் பெறப்பட்டது. 2021இல் அங்கே பைலோகார்ப்பின் கண் சொட்டு மருந்து அனுமதி பெற்றது. அது பாவையைச் சுருக்கிச் சில மணி நேரம் உதவும். இருட்டில் பார்வை குறையும்.

உங்களுக்கே லேசிக் செய்யும் எண்ணமா?

இருபத்தைந்து வயதில் லேசிக் செய்தாலும் நாற்பத்தைந்தில் வெள்ளெழுத்து வரும். மைனஸ் இரண்டு, இரண்டரை பவர் உள்ளவர்கள் ஐம்பது வயதிலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிம்மதியாகப் படிப்பார்கள். முழுவதும் சரிசெய்துகொண்டால் அந்த வசதி போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். செய்துகொண்டால், அறுவைக்கு முந்தைய கண் அளவுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். பிற்காலத்தில் கண்புரை வந்தால் செயற்கை லென்ஸின் பவரைக் கணக்கிட அவை உதவும்.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

அப்பா அம்மாவை ஒரு ஒப்டோமெட்ரிஸ்ட்டிடம் கூட்டிப் போங்கள். இனிப்பு நீர் இருந்தால் அரசு சுகாதார கிளினிக்கில் விழித்திரைப் பரிசோதனையைக் கேளுங்கள். தேவையென்றால் அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற கண் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

அறுவையைப் பரிந்துரைத்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். கண்புரை உண்மையில் இருக்கிறதா? இந்த முறையில் எதை இழப்போம்? ஒத்துவராவிட்டால் என்ன வழி? பின்னால் வரும் பரிசோதனைகளையும் சேர்த்து இரண்டு கண்ணுக்கும் மொத்தச் செலவு எவ்வளவு?

அதற்கும் முன்னால் அவர்களிடமே ஒன்று கேளுங்கள்: "இந்தக் கண்ணை வச்சு தினமும் என்ன செய்றீங்க?" தையலா, இரவுப் பயணமா, தோட்ட வேலையா, பேரப்பிள்ளையின் வீட்டுப்பாடமா? எந்த லென்ஸ் பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்வதும் அந்தப் பதிலை வைத்துத்தான். யோசித்துப் பார்த்தால் பலருக்குச் சரியான அளவில் ஒரு மூக்குக் கண்ணாடியே போதுமானதாக இருக்கும்.