தண்டுவட நரம்பு மீள்வளர்ச்சி

தண்டுவட நரம்பு மீள்வளர்ச்சி என்பது காயத்தினால் தண்டுவடத்தில் அறுபட்ட நரம்பிழைகள் (ஆக்சான்கள்) மீண்டும் வளர்ந்து தம் இலக்குகளுடன் இணைவதைக் குறிக்கும். கை, கால்களில் உள்ள புற நரம்புகள் அறுபட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளரக்கூடியவை. முதிர்ந்த பாலூட்டிகளின் மூளையிலும் தண்டுவடத்திலும் இத்தகைய நீண்ட வளர்ச்சி இயல்பாக நிகழ்வதில்லை. தண்டுவடம் முழுமையாகச் சிதைந்தால் அதற்குக் கீழுள்ள உடற்பகுதியின் வாதம் பெரும்பாலும் நிலைத்துவிடுவது இதனாலேயாகும்.

வரலாறு

கி.மு. 17ஆம் நூற்றாண்டளவிலான எகிப்தின் எட்வின் சுமித் பப்பைரசுச் சுவடி, கழுத்தெலும்பு பிசகிக் கை, கால் உணர்விழந்தவரை மருத்துவம் செய்ய இயலாதவர் என வகைப்படுத்துகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எசுப்பானிய அறிஞர் ரமோன் இ காகாலும் முதிர்ந்த மூளையின் நரம்புப் பாதைகள் மாறாதவை என்றே எழுதினார். மைய நரம்பணுக்களுக்கு வளரும் ஆற்றலே இல்லை எனப் பலரும் கருதினர்.

இக்கருத்தை மாற்றியது 1981இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ ஆகியோர் எலிகளில் செய்த சோதனையாகும். அவர்கள் காலிலிருந்து எடுத்த புற நரம்புத் துண்டை மூளைத் தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலமாகப் பொருத்தினர். மைய நரம்பணுக்களின் இழைகள் அதனுள் ஏறத்தாழ 3 செ.மீ. வரை வளர்ந்தன. ஆனால் மறுமுனையில் தண்டுவடத்தினுள் நுழைந்ததும் சிறு தொலைவிலேயே நின்றுவிட்டன. குறை நரம்பணுவில் மட்டுமன்று, அதன் சூழலிலும் உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று.

தடைகள்

நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறையில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் உள்ளன. இவற்றுள் நோகோ என்பதைச் சூரிச்சில் மார்ட்டின் சுவாப் குழுவினர் நெடுங்காலம் ஆய்ந்தனர். அதன் மரபணு 2000இல் அறியப்பட்டது. காயத்தில் உருவாகும் வடுத் திசுவில் செறியும் காண்டிராய்ட்டின் சல்பேட்டு மூலக்கூறுகள் மற்றொரு தடை. இவற்றைச் சிதைக்கும் நொதியைச் செலுத்திய எலிகளில் ஓரளவு மீட்சி ஏற்பட்டதை 2002இல் இலண்டன் ஆய்வாளர்கள் காட்டினர்.

மனிதரில் இதுவரை

எலியில் கிடைத்த வெற்றி மனிதரில் எளிதில் கிட்டவில்லை. நோகோ எதிர்ப்புரதச் சோதனையின் முடிவுகள் 2024 இறுதியில் வெளியாயின. கழுத்துப்பகுதிக் காயம் உற்றோரின் கை வலிமையில் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முழுமையுறாக் காயம் உடையோரிடம் மட்டும் சில நற்குறிகள் தென்பட்டன.

2011 முதல் தண்டுவட மின்தூண்டலால் வாதமுற்றோர் சிலர் நிற்கவும், 2018 முதல் சிலர் துணையுடன் நடக்கவும் இயன்றது. செய்தித்தாள்கள் இதனையும் நரம்பு வளர்ந்ததாகவே எழுதுவதுண்டு. உண்மையில் இது முதன்மையாக எஞ்சிய இழைகளையும் காயத்துக்குக் கீழுள்ள நரம்புச் சுற்றுகளையும் பயன்படுத்தும் முறையே. தோலின் மேலிருந்து தூண்டிக் கைச்செயலை மேம்படுத்தும் கருவியொன்றுக்கு ஐக்கிய அமெரிக்கா 2024 திசம்பரில் ஒப்புதல் வழங்கியது. கை, கால் நான்கும் வாதமுற்றோர் நடப்பதைவிடக் கைச்செயலையே பெரிதும் வேண்டுவதாக 2004ஆம் ஆண்டுக் கருத்தாய்வொன்று காட்டியிருந்தது.

தண்டுவடக் காயத்துக்குக் குருத்தணுச் சிகிச்சை எனப் பெருந்தொகை பெறும் மருத்துவமனைகள் பல நாடுகளில் உள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, இந்நோய்க்குக் குருத்தணுக்களை ஒப்புதல் பெற்ற ஆய்வுச் சோதனையில் மட்டுமே பயன்படுத்தலாம். அதற்கு நோயாளியிடம் கட்டணம் பெறுதல் கூடாது.