பல் சக்கர வழக்கு

மலை ஏறுவதற்கென்று மனிதன் செய்திருக்கும் ஏற்பாடுகளில் மிகவும் உத்தமமானது பஸ் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். சீட்டு வாங்கி உட்கார்ந்தால் போதும். மற்றதை டிரைவர் பார்த்துக் கொள்வார். இந்த அபிப்பிராயத்தோடுதான் சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கொல்லிமலைக்குப் புறப்பட்டேன். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால்தான் மேலே போய்ச் சேரலாம். அடிவாரத்தில் காரவள்ளி என்ற இடத்தில் டீ குடிக்க இறங்கினேன். அங்கே என் அபிப்பிராயத்துக்கு ஆபத்து காத்திருந்தது.

டீக்கடைக்கு எதிரே பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சுற்றி ஒரு கூட்டம். ஒருவர் குனிந்து பார்க்கிறார். ஒருவர் தட்டிப் பார்க்கிறார். ஒருவர் விரல் விட்டுப் பற்களை எண்ணுகிறார். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். இங்கேயும் அதே கதைதான். ஆனால் இந்தப் பற்கள் இருந்தது சக்கரத்தில்.

"இது நான் கட்டினதுங்க" என்றார் ஒருவர். சைக்கிளைக் 'கட்டுவது' என்றால் வேறு ஊரில் விழிப்பார்கள். நாமக்கல்லில் விழிக்க மாட்டார்கள். கம்பெனியிலிருந்து வெறும் சட்டமும் எஞ்சினுமாக வரும் லாரிக்கு மரமும் தகடும் வைத்து உடம்பு கட்டிப் பேர் வாங்கிய ஊர் அது. வண்டிக்காரர் மனத்தில் இருப்பதும் பட்டறைக்காரர் கையில் இருப்பதும் சேர்ந்துதான் அங்கே வண்டியாகும். அந்தக் காற்று சைக்கிளுக்கும் அடித்திருந்தது. சட்டம் ஓரிடம், சக்கரம் ஓரிடம், கியர் ஜப்பான் கம்பெனியுடையது என்று தேடித் தேடிச் சேர்த்திருந்தார்கள். சேலத்துப் பல் வைத்தியர் ஒருவர், தம் வண்டியின் பின்சக்கரத்தில் எத்தனை பல் இருக்க வேண்டும் என்பதில் மூன்று மாதம் யோசித்ததாகச் சொன்னார். பல்லைப் பற்றி யோசிக்க அவரைவிட யாருக்கு உரிமை?

அப்போதுதான் வழக்கு ஆரம்பமாயிற்று. வாதி ஒரு கல்லூரி மாணவன். அவனுடையது ஒரே ஒரு வேகம் உள்ள பழைய இரும்பு சைக்கிள்.

"ஏனுங்க, கியர் வச்சு ஏறினா அது ஏறினதுங்களா? மலையைக் குட்டையாக்கிக்கிட்ட மாதிரி அல்லவா?"

"தம்பி, படி வைத்து மாடிக்குப் போகிறவன் மாடி ஏறவில்லையா? கயிறு பிடித்துத்தான் ஏற வேண்டுமா?" என்றார் பல் வைத்தியர்.

"அதெல்லாம் சரி. நடுக்காட்டிலே அது மக்கர் செய்தால் யாருங்க பார்ப்பாங்க? என் வண்டிக்கு ஊருக்கு ஊர் புளிய மரத்தடியிலே வைத்தியன் இருக்கான்" என்றான் மாணவன். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. என் டீயும் ஆறிப் போயிற்று.

எனக்கோ, 'இந்த வழக்கு ஏற்கெனவே பிரான்சு தேசத்தில் விசாரணையாகித் தீர்ப்பும் ஆகிவிட்டதே!' என்று தோன்றியது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

பிரான்சில் செந்த் எத்தியேன் என்று ஓர் ஊர். பட்டு நாடா நெய்வதில் பேர் பெற்றது. ஒரு வகையில் நம் சேலத்துக்குச் சம்பந்தி ஊர் என்றே சொல்லலாம். 1853இல் பிறந்த பால் தெ விவி என்பவர் அங்கே பட்டு வியாபாரம் பார்த்து வந்தார். நடுவயதில் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. பட்டை விட்டுச் சைக்கிள் கடை வைத்தார். 1887இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகையும் ஆரம்பித்து, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். ஊருக்கு அருகில் ஒரு மலைக் கணவாய் உண்டு; உயரம் 1,161 மீட்டர். ஒரு நாள் அவர் மூச்சு வாங்க அதில் ஏறிக்கொண்டிருந்தபோது, அவருடைய பத்திரிகையைப் படிக்கும் ஒருவன் வாயில் சுங்கானைப் புகைத்தபடி அவரைத் தாண்டிப் போய்விட்டானாம். ஆசிரியரை வாசகன் தாண்டிப் போனால் எந்த ஆசிரியரால் பொறுக்க முடியும்? அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தவர்தான். மேட்டுக்கு ஒரு பல் சக்கரம், சமவெளிக்கு ஒரு பல் சக்கரம் என்று இரண்டை மாட்டினார். சங்கிலியைக் கையால் தூக்கி மாற்றிப் போட வேண்டும். கை கரியானாலும் கால் பிழைத்தது.

இதிலே இருக்கும் சூட்சுமம் பெரிதல்ல. பெடல் பக்கத்தில் 48 பல், பின்சக்கரத்தில் 16 பல் என்றால், நாம் ஒரு தரம் மிதித்தால் பின்சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும். சாதாரண சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். ஆகவே ஒரு மிதிக்கு ஆறரை மீட்டர் போகலாம். சமவெளியில் ஆனந்தம், மேட்டிலே பிராணாவஸ்தை. இரண்டு பக்கமும் 24 பல் என்று வைத்தால், ஒரு மிதிக்கு ஒரு சுற்றுத்தான், போவது 2.2 மீட்டர்தான். ஆனால் மிதிக்க வேண்டிய பலம் மூன்றில் ஒன்று. நாமக்கல்காரர்களுக்கு இதைத் தவணைக் கணக்காகச் சொன்னால் உடனே விளங்கிவிடும். மலை என்பது ஒரு கடன். கியர் அதில் ஒரு காசு தள்ளுபடி செய்வதில்லை. ஒரே மூச்சில் கட்ட முடியாததைச் சின்னச் சின்னத் தவணைகளாக்கித் தருகிறது, அவ்வளவுதான்.

ஆனால் பிரான்சில் இதை ஒப்புக்கொள்ளாத ஒரு பெரிய மனிதர் இருந்தார். ஆன்றி டெக்ராஞ்ச் என்று பெயர். 1893இல் ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்த வீரர். 1903இல் பிரான்சைச் சுற்றி வரும் பெரிய சைக்கிள் பந்தயத்தை ஆரம்பித்தவரும் அவர்தான். 1902இல் மார்த் எஸ் என்ற பெண்மணி, மூன்று வேகம் உள்ள சைக்கிளில் மலைப் பாதையைக் கால் தரையில் படாமல் ஏறிக் காட்டினாள். பார்த்தவர்கள் அசந்து போனார்கள். டெக்ராஞ்ச் மட்டும் அசையவில்லை. நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குத்தான் கியர் வேண்டும், தசையின் பலத்தால் வெல்வதே வெற்றி என்று எழுதினார். தம் பந்தயத்தில் 1910இல் பிரனீஸ் மலைகளைச் சேர்த்தார். ஆனால் கியரைச் சேர்க்கவில்லை. பந்தயக்காரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். அதன் மறுபக்கத்தில் வேறொரு பல் சக்கரம் இருக்கும். உச்சிக்குப் போனதும் மறுபடியும் கழற்ற வேண்டும். மழையிலும் பனியிலும் இந்த வைபவம் நடந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தில், நாட்டிங்ஹாம் நகரத்து ராலே கம்பெனியார் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மூன்று வேகத்தை ஒளித்து வைத்து விற்க ஆரம்பித்தார்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் என்று அதற்குப் பெயர். பாதிரியாரும் பள்ளிக்கூட வாத்தியாரும் அதை வாங்கி ஓட்டினார்கள். உலகத்திலேயே கஷ்டமான பந்தயத்தில் மட்டும் அது கூடாது!

டெக்ராஞ்ச் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937இல்தான் அந்தத் தடை நீங்கியது. அதைப் பார்க்க வெலோசியோ உயிரோடு இல்லை. 1930இல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போகையில் டிராம் வண்டி மோதி இறந்து போனார். வாழ்நாளெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கக் கூடாது என்று பாடுபட்டவர், இறங்கி நடந்த வேளையிலே போனார்.

இங்கே நம் ஊரில் என்ன நடந்தது? நம்மிடம் டெக்ராஞ்ச் இல்லை, தடையும் இல்லை. அம்பத்தூரில் 1949இல் கம்பெனி வந்தது. 1956இல் லூதியானாவில் ஹீரோ வந்தது. லட்சக்கணக்கில் கறுப்பு சைக்கிள்கள் ஓடின. அவற்றில் அநேகமாக எல்லாம் ஒரே வேகம்தான். விலை குறைவு, கெட்டுப் போக ஒன்றுமில்லை, புளிய மரத்தடி வைத்தியருக்கும் சுலபம். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அந்த நியாயத்தின் பாரத்தைச் சுமந்தது யாருடைய கால்?

என் பெரியப்பாவுடைய கால். இராசிபுரத்துக்காரர். 1960களில் வாரத்துக்கு இரண்டு தடவை சேலம் சென்று, சைக்கிள் கேரியரில் நூல் மூட்டை கட்டிக்கொண்டு வருவார். குரங்குப் பெடல் போட்டுப் பழகிக்கொண்டிருந்த வயதில், விடுமுறை நாட்களில் நான் எதிர் கொண்டு போவேன். ஊருக்கு முன்னால் வரும் மேட்டில் அவர் இறங்கிவிடுவார். அவர் முன்னால் இழுக்க, நான் பின்னால் மூட்டையைத் தள்ளுவேன். "ஏன் பெரியப்பா இறங்கிட்டீங்க?" என்று கேட்டால், "பாவம்டா, காலையிலேயிருந்து சைக்கிள் என்னைச் சுமக்குது. அது கொஞ்சம் இளைப்பாறட்டும்" என்பார். நான் நம்பினேன். சைக்கிளின் மேல் அவருக்கு எத்தனை பட்சம் என்று வீட்டில் போய்ச் சொல்லவும் சொன்னேன். பெரியம்மா ஒன்றும் பேசாமல் விளக்கெண்ணெயைச் சுட வைத்தாள், அவருடைய முழங்காலுக்கு.

மூன்று வேகம் உள்ள சக்கரம் நாட்டிங்ஹாமில் விற்பனைக்கு வந்து அப்போது அறுபது வருஷமாகியிருந்தது. அப்படி ஒன்று இருக்கிறது என்று பெரியப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வாங்கியிருக்க முடியாது. பிரான்சில் கௌரவம் தடுத்ததை இங்கே காசு தடுத்தது.

காரவள்ளியில் நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தின் ஓரத்தில் ஒருவர் பேசாமல் நின்றுகொண்டிருந்தார். லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவராம். அவருடைய வண்டியை யாரும் மெச்சவில்லை. மெச்சும்படியாகவும் இல்லை. பழைய பால்காரச் சைக்கிள். இரண்டு பக்கமும் கேன் மாட்டக் கொக்கிகள். ஆனால் பின்சக்கரத்தில் ஏழு பல் சக்கரங்கள் அடுக்காக இருந்தன. பழைய இரும்புக் கடையில் கிடைத்த கியரை அதில் பற்றவைத்திருந்தார்.

"அப்பாவுக்குங்க. பால் எடுத்துக்கிட்டு ஏரிக்கரை மேடு ஏறணும். அறுபத்தெட்டு வயசாச்சு" என்றார். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் மலைக்குக் கொண்டு வந்திருக்கிறாராம்.

"கெட்டுப் போனால் யாருங்க பார்ப்பாங்க?" என்று மாணவன் விடாமல் கேட்டான்.

"நான் இருக்கேன்ல?" என்றார் அவர்.

பல் வைத்தியர் தம் உயர்ந்த சைக்கிளை விட்டுவிட்டு வந்து, இதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பற்களை எண்ண ஆரம்பித்தார்.

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். பதினோராவது வளைவோ பன்னிரண்டாவது வளைவோ, ஜன்னல் வழியே பார்த்தபோது அந்த மாணவன் தென்பட்டான். சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனான். யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வானோ தெரியாது. எங்கள் குடும்பத்தில் அதற்கு நல்ல பதில் ஒன்று உண்டு. பஸ் நின்றிருந்தால் இரவல் கொடுத்திருப்பேன்.