துறைமுகம் தந்த ஆங்கிலம்

ஒரு மொழிக்குரிய மக்களை எவ்விடத்திற் சந்திக்கின்றோமோ அவ்விடத்தின் சொற்களே முதலில் நம் நாவிற்கு வந்து சேர்கின்றன. சீனர் ஆங்கிலத்தைச் சந்தித்த இடம் பள்ளிக்கூடமன்று. தென்சீனத்துக் கன்ரன் நகரின் ஆற்றங்கரைப் பண்டகசாலைகளே. 1757இல் சிங் பேரரசு மேனாட்டாரின் கடல் வாணிபத்தை அவ்வொரு துறைமுகத்துடன் மட்டுப்படுத்தியது. நகர மதிலுக்கு வெளியே ஒரு சிறு நிலத்துண்டில், வாணிப பருவத்தில் மட்டும் தங்கியிருக்க அந்நியருக்கு அனுமதி கிடைத்தது. தேயிலையும் பட்டும் பீங்கானும் கைமாறிய அந்நிலத்துண்டிலேதான் சீனரின் முதல் ஆங்கிலம் உருவாயிற்று.

இரு தரப்பாரும் ஒருவர் மொழியை மற்றவர் முறையாகக் கற்க வழியிருக்கவில்லை. 1759இல் கிழக்கிந்தியக் கம்பனியைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளின்ற், கன்ரன் அதிகாரிகளுக்கெதிரான விண்ணப்பமொன்றைச் சீனமொழியில் எழுதுவித்து வடக்கே கொண்டு சென்றார். சீனமறிந்த அவ்வாங்கிலேயருக்குக் கிடைத்தது மூன்றாண்டுச் சிறை. எழுத உதவிய சீனரோ தலையிழந்தார். அதன்பின் அந்நியருக்குச் சீனம் கற்பிக்க யார் துணிவர்? ஆகவே இடைவெளியை நிரப்பும் பொறுப்பு வேலையாட்கள்மீதும் சிறு கடைக்காரர்மீதும் விழுந்தது. அவர்கள் ஆக்கிய பேச்சே 'பிட்ஜின்' எனப்பட்டது. 'பிஸ்னஸ்' என்ற ஆங்கிலச் சொல் சீன நாவிற் பெற்ற வடிவமே அது என்பது பெரும்பாலோர் கொள்கை.

1825இல் கன்ரனுக்கு வந்த அமெரிக்கரான வில்லியம் ஹன்ரர், 1882இல் வெளியிட்ட தமது நினைவு நூலிலே ஒரு சிறு பிரசுரத்தைப் பற்றிக் கூறுகின்றார். மிகச் சொற்ப விலைக்கு விற்கப்பட்ட அதன் பெயர் 'அந்நியப் பேய்களின் பேச்சு'. அட்டையில் பழைய காலத்து உடையணிந்த வெள்ளையன் ஒருவனின் படம். உள்ளே சீனச் சொல்லொன்று. அதன் கீழே அச்சொல்லின் ஆங்கில ஒலி, அதுவும் சீன எழுத்துக்களிலேயே. மனிதனைக் குறிக்கும் எழுத்தின் கீழ் 'மன்' என ஒலிக்கும் இன்னோர் எழுத்து இருக்கும். ஆங்கில நெடுங்கணக்கில் ஓரெழுத்தும் அறியாத ஒருவன் அன்றிரவே படித்து மறுநாட் காலையிற் பயன்படுத்தக்கூடிய நூல் அது. அதை வாங்கியோர் வீட்டு வேலைக்காரரும் கூலியாட்களும் கடைக்காரருமே. அறிஞர் அதனைத் தொட்டிருக்கமாட்டார். தொடவேண்டிய தேவையும் அவருக்கிருக்கவில்லை.

இப்பேச்சைப் 'பிழையான ஆங்கிலம்' என்று தள்ளுவது எளிது. சிவப்பு மையுடன் காத்திருக்கும் ஆசிரியராகிய நமக்கு அது மேலும் எளிது. ஆனால் அப்பிழைகள் மனம்போன போக்கில் எழுந்தவையல்ல. சீன மொழியில் எண்ணையும் பெயரையும் நேரே சேர்த்துச் சொல்வதில்லை. இடையில் அளவைச் சொல்லொன்று வரவேண்டும். அதனாலேயே கன்ரன்வாசி இரண்டு மனிதரை 'ரூ பீசீ மன்' என்றான். 'பீஸ்' என்பது 'பீசீ' ஆனதும் காரணத்தோடுதான். மெய்யீறு இடறும்போது ஓர் உயிரை ஒட்டிக்கொள்வது தமிழ் நாவுக்கும் புதிதன்று. வினைச்சொல் காலத்திற்கேற்பத் திரியாமையும் சீன வழக்கே. சொற்கள் ஆங்கிலத்தின, எலும்புக்கூடு பெரும்பாலும் சீனத்தினது.

சொற்களின் வழியே பண்பாடும் வருகின்றது. போர்த்துக்கேயர் மக்காவோவில் விட்டுச்சென்ற 'தேயுஸ்' என்ற கடவுட் பெயர் 'ஜொஸ்' ஆகிக் கோயிற் சிலைகளையும் குறித்தது. மதகுருவை அழைத்த பெயர் 'ஜொஸ் பிட்ஜின் மன்', அதாவது கடவுள் வியாபாரம் செய்பவர்! எள்ளலாக அன்று, தொழிலைக் குறிக்க அகராதியில் வேறு சொல் இல்லாமையாலேயே அப்பெயர் எழுந்தது. சீனரின் துளையிட்ட செப்பு நாணயத்தை ஆங்கிலேயர் 'காஷ்' என்றனர். அது நம் 'காசு' என்ற சொல்லே, போர்த்துக்கேயர் வாய்வழியாகக் கிழக்கே சென்றது.

மேனாட்டு வணிகரும் இப்பேச்சையே பேசினர். அதனைக் கற்காமல் அவர் ஒரு பெட்டித் தேயிலையும் வாங்கியிருக்க முடியாது. ஆயினும் நகைப்புக்கிடமானவன் சீனன் ஒருவனே. 1876இல் சார்ள்ஸ் லேலண்ட் என்ற அமெரிக்கர் அப்பேச்சில் ஒரு நகைச்சுவைச் செய்யுட் தொகுதியையே வெளியிட்டார்.

அபினிப் போர்களின் பின் நிலைமை மாறிற்று. 1858இல் பிரித்தானியருடன் செய்த தியென்ற்சின் ஒப்பந்தம், ஐயம் எழுமிடத்து ஆங்கிலப் பிரதியே செல்லும் என விதித்தது. தன் நாட்டின் தலைவிதியைத் தானே வாசித்தறிய முடியாத அரசு, 1862இல் பீக்கிங்கில் மொழிக் கல்லூரியொன்றை நிறுவி, மஞ்சுப் படைக்குடும்பங்களின் சிறுவரைச் சேர்த்தது. அதே ஆண்டிலேயே கன்ரனில் தாங் திங்-சூ ஆறு பாகங்களில் ஓர் ஆங்கிலப் பாடநூலை வெளியிட்டார். மிஷன் கல்வி பெற்ற அவர், மறு ஆண்டிலே ஜார்டின் மதிசன் கம்பனியின் தரகரானார். 1873இல் சீனரின் சொந்தக் கப்பற் கம்பனியை நடத்தச் சென்றார். அந்நியனின் தரகனே அவனுடன் போட்டியிட்டதும் அம்மொழிப் பயிற்சியின் விளைவுதான்.

பள்ளிகள் பெருகியதும் பிட்ஜின் வெட்கத்திற்குரியதாயிற்று. ஷங்ஹாயில் ஆங்கிலேயர் பகுதியையும் பிரெஞ்சுக்காரர் பகுதியையும் பிரித்த யாங்-சிங்-பாங் என்ற ஓடையின் பெயரே அப்பேச்சிற்கும் வழங்கியது. ஓடையை 1915ஆம் ஆண்டளவில் தூர்த்து, ஏழாம் எட்வேர்ட் மன்னன் பெயரில் வீதி அமைத்தனர். மன்னன் பெயரும் பின்னர் அகன்றது. ஓடையின் பெயர் மட்டும், அந்நிய மொழியைத் தடுமாறிப் பேசுவோரைக் குறிக்கும் சொல்லாக, இன்றும் சீனர் வாயில் வழங்குகின்றது.