சாலையை விட்டு இறங்கிய வழிகாட்டி

2000-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் வெளியிட்ட அறிவிப்பின்படி, அன்றிரவு பன்னிரண்டு மணிக்கு, பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள், ராணுவத்தார் அல்லாத ஏனையோருக்கென்று அதுவரை வேண்டுமென்றே கலந்து அனுப்பிவந்த பிழையை நிறுத்திக்கொண்டன. முந்தின தினம் 100 மீட்டர் வரையில் இடத்தைப் பிசகாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே கைக்கருவிகள், அவற்றில் ஒரு திருகாணியைக்கூட எவரும் தொடாதிருக்க, மறுநாள் பொழுது விடிந்தபோது 10 அல்லது 20 மீட்டருக்குள் சரியாகச் சொல்லத் தலைப்பட்டன. 1983-இல் கொரிய விமானம் ஒன்று வழி பிசகி சோவியத் வான்வெளிக்குள் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 269 பேரும் மாண்டபின், இந்த ஏற்பாடு உலகத்தார் அனைவரின் உபயோகத்துக்கும் திறந்துவிடப்படும் என்று ரீகனின் அரசாங்கம் அளித்த வாக்குறுதி, பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இரவில்தான் பூரணமாக நிறைவேறியது என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஒரே தீர்மானத்தினால் இரண்டு காரியங்கள் தழைத்தன. ஒன்று, மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் வாய்திறந்து வழி சொல்லும் சிறு யந்திரம். மற்றொன்று, காட்டிலும் மேட்டிலும் யாரோ ஒளித்துவைத்த பெட்டியை அட்சரேகை தீர்க்கரேகைகளின் எண்களைக் கொண்டே தேடிக் கண்டுபிடிக்கும் ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டு. ஒரே மூலத்திலிருந்து பலன் பெற்றவையாயினும் இவ்விரண்டின் சுபாவமும் நேர் விரோதமானது. யந்திரம் சாலையை நம்புகிறது, விளையாட்டு எண்ணை நம்புகிறது. எனினும் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள், முன்னதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னதை விளையாடப் புறப்பட்டவர்கள் மேல்நாடுகளில் பலர் இருந்தார்கள். கருவிகளின் சரித்திரத்தை எழுதுவோர் அவர்களை அநேகமாக மறந்தே விடுகிறார்கள். ஒரு கருவியைச் செய்தவன் நினைத்த உபயோகத்தை மாத்திரம் எழுதி, வாங்கியவன் கண்டுபிடித்த உபயோகத்தை விட்டுவிடுகிற சரித்திரம் பாதிச் சரித்திரமே ஆகையால், அவர்கள் பட்ட சிரமத்தையும் அடைந்த சாமர்த்தியத்தையும் இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

விளையாட்டின் பிறப்பு எளிதில் சொல்லக்கூடியது. பிழை நீங்கிய மறுதினமே, அதாவது மே 3-ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டு நகருக்கு அருகிலுள்ள பீவர்கிரீக் என்ற ஊர்ப்புறத்தில், டேவ் உல்மர் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் ஒரு கறுப்பு வாளியில் புத்தகம், மென்பொருள், உண்டிவில், பயறு அடைத்த தகரக்குவளை முதலிய பொருள்களை இட்டு, அதை நிலத்தில் பாதி புதையும்படி வைத்துவிட்டு, அந்த இடத்தின் எண்களை மாத்திரம் உலகுக்கு அறிவித்தார். கண்டெடுப்பவர் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம், பதிலாக ஒன்றை வைக்கவேண்டும், உள்ளிருக்கும் ஏட்டில் பெயரை எழுதவேண்டும் என்பதே விதி. சில தினங்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டார். தாமும் பெட்டிகளை ஒளித்துவைக்கத் தொடங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் இப்பெட்டிகளுக்கு ஒரு பொதுப்பட்டியல் ஏற்படுத்தியபோது உலகம் முழுவதிலும் தெரியவந்திருந்தவை 75 மாத்திரமே.

ஒளித்துவைத்துத் தேடும் ஆசை செயற்கைக்கோள்களுக்கு மிகவும் முந்தியது. 1854-இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் என்னும் சதுப்புமேட்டில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, தாம் அழைத்துச்செல்லும் பிரயாணிகள் தங்கள் பெயர்ச்சீட்டுகளை விட்டுவரட்டுமென்று கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டியை வைத்தார். அதிலிருந்து வளர்ந்த வழக்கம் இன்றளவும் அந்த மேட்டில் நடைபெறுகிறது. அங்கே தேடுபவனுக்குத் துணை திசைகாட்டியும், தேசப்படமும், விடுகதை போன்ற குறிப்புகளுமே. ஆகவே 2000-இல் புதிதாகப் பிறந்தது ஒளிக்கும் ஆசையன்று. குறிப்புகளின் ஸ்தானத்தை இரண்டு எண்கள் பிடித்துக்கொண்டதே புதுமை.

மோட்டார் வழிகாட்டியின் கதையோ வேறு திக்கிலிருந்து தொடங்குகிறது. 1981-இல் ஜப்பானில் ஹோண்டா கம்பெனியார், ஹீலியம் வாயுவினால் இயங்கும் திசையறி சாதனம் ஒன்றை அமைத்து, ஒளித்திரையின் முன்னே தேசப்படம் அச்சிட்ட கண்ணாடித்தாளைச் செருகி, வண்டி செல்லும் வழியைப் புள்ளியாகக் காட்டினார்கள். கலிபோர்னியாவில் ஸ்டான் ஹனி என்ற படகோட்டியும் பொறியியலாளருமானவர் ஸ்தாபித்த ஈடாக் கம்பெனி 1985-இல் வெளியிட்ட கருவி அதைவிட முக்கியமானது. அதற்குச் செயற்கைக்கோளின் தயவு கிடையாது. சக்கரங்கள் எத்தனை சுற்றின என்பதையும் காந்த ஊசி எந்தத் திசையைக் காட்டியது என்பதையும் கூட்டிக்கூட்டி இடத்தை ஊகித்தது. தேசப்படங்கள் காந்தநாடாப் பேழைகளில் வந்தன. ஊர் எல்லை தாண்டினால் பேழையை மாற்றவேண்டியிருந்தது. இவ்விதம் ஊகிக்கும் முறையில் பிழை மைலுக்கு மைல் பெருகிக்கொண்டே போகுமல்லவா? அதற்கு ஹனியின் குழுவினர் கண்ட பரிகாரம் மிக அழகியது: வண்டி ஏதேனும் ஒரு சாலையின் மேல்தான் இருக்கமுடியும் என்று யந்திரத்துக்குக் கற்பித்துவிட்டார்கள். கணக்கு வயலைக் காட்டினால் யந்திரம் அதை நம்பாது. பக்கத்திலுள்ள சாலைக்குப் புள்ளியை இழுத்து நிறுத்தி, அத்துடன் கணக்கையும் திருத்திக்கொள்ளும்.

பின்னர் 1990-இல் மாஸ்டா கம்பெனியின் யூனோஸ் காஸ்மோ வண்டியில் ஜி.பி.எஸ். பொருத்தப்பட்டு வந்தபோதும், 1998-இல் கார்மின் கம்பெனி ஸ்ட்ரீட்பைலட்டை வெளியிட்டபோதும், 2004-இல் டாம்டாம் கோவும் 2005-இல் கார்மின் நூவியும் விற்பனைக்கு வந்தபோதும், உருவமும் விலையும் மாறினவேயன்றி, சாலையின்மீது வைத்த அந்த விசுவாசம் மாறவேயில்லை. ஓட்டுநர்களுக்கு அது பெரிய உபகாரம். பெட்டி தேடுவோருக்கு அதுவே பெரிய இடையூறாக முடிந்தது.

பெட்டி தேடுவதற்கென்றே ஏற்ற கைக்கருவிகள், கார்மினின் ஈட்ரெக்ஸ் போன்றவை, 2000 முதலே கிடைத்தன. ஆயினும் வண்டிக்கென்று ஒன்றை வாங்கி வைத்திருக்கும் குடும்பஸ்தன், அதுவும் அதே செயற்கைக்கோள்களைத்தானே கேட்கிறது என்று எண்ணி, ஒரு விடுமுறை நாளின் விளையாட்டுக்காக மற்றொன்றை வாங்கத் தயங்கியது நியாயமே. அவன் முதலில் செய்யவேண்டியது, வீதியின் பெயரையும் கதவிலக்கத்தையும் கேட்கும் திரையைத் தாண்டிச்சென்று, எண்களை நேரே இடுவதற்குரிய ஸ்தலத்தைத் தேடுவது. அங்கேயும் ஓர் அபாயம் இருந்தது. விளையாட்டுக்காரர்கள் இடத்தைப் பாகையாகவும், நிமிஷமாகவும், நிமிஷத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் எழுதுவது வழக்கம். கருவியோ பாகையின் தசமமாகவோ, நிமிஷமும் விநாடியுமாகவோ எதிர்பார்த்து நிற்கக்கூடும். ஓர் அட்சரேகை நிமிஷம் ஏறக்குறைய 1,852 மீட்டர் ஆகையால் ஆயிரத்தில் ஒரு பங்கு 1.85 மீட்டர் ஆகிறது; எழுதும் முறையை மாற்றிப் புரிந்துகொண்டாலோ பல நூறு மீட்டர் தள்ளி வேறொருவருடைய தோட்டத்தில் போய் நிற்க நேரிடும்.

எண்களைச் சரியாக இட்டபின், நூவியின் அமைப்புகளுக்குள் வேகமான வழி, குறுகிய வழி என்பவற்றுக்குக் கீழே ஒதுங்கியிருந்த ‘ஆஃப் ரோடு’ என்ற மூன்றாவது வகையைத் தெரிந்தெடுக்கவேண்டும். இதை அறியாதவர்களுக்கு யந்திரம் அருகிலுள்ள சாலையின் ஓரத்தில் சேருமிடம் வந்துவிட்டதென்று அறிவித்து மௌனமாகிவிடும். அறிந்தவர்களுக்கோ திரையில் ஒரு நேர்க்கோடு தோன்றும்: தான் நிற்கும் இடத்திலிருந்து பெட்டிவரையில், வேலியையும் ஓடையையும் பொருட்படுத்தாத கோடு. சாலையை மாத்திரமே மெய்யென்று கொண்ட யந்திரத்தின் திரையில் அந்தக் கோடு தோன்றிய க்ஷணத்தை இந்தச் சிறு சரித்திரத்தின் மத்திய சம்பவமாக நான் மதிக்கிறேன்.

கோடு தோன்றியதனால் யந்திரத்தின் பழைய பழக்கம் போய்விடவில்லை. சாலையிலிருந்து சில பத்து மீட்டர் தூரத்துக்குள் நடப்பவனைச் சாலைமேல் இருப்பவனாகவே கருதி, அவன் அடையாளத்தை அங்கேயே பிடித்துவைக்கும் கருவிகள் இருந்தன. கான்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், 70-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி 2000 மே 11-இல் வைக்கப்பட்ட மிங்கோ என்ற பெட்டி, இன்றும் ஆட்டத்திலிருப்பவற்றுள் மிகப் பழமையானதென்று பெயர் பெற்றது. அதே மாநிலத்தின் கிழக்குக் கோடியில், ஒலாத்தே நகரில், கார்மினின் தலைமை நிலையம் இருக்கிறது. இப்படி நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே உள்ள பெட்டிகள் வண்டிக்காரனுக்கு மிக எளியவை என்று தோன்றும். ஆனால் சாலையை விட்டு அகலாத யந்திரத்துக்குச் சாலையோரத்துப் பெட்டியே மிகக் கடினம். விஷயமறிந்தவர்கள் அப்போது தேசப்படத்தைப் பாராமல், தற்போதைய அட்சரேகை தீர்க்கரேகைகளை மாத்திரம் காட்டும் திரையைத் திறந்துவைத்து, அதிலுள்ள எண்கள் பெட்டிக்குரிய எண்களோடு ஒத்துவரும்வரையில் ஒவ்வோர் அடியாக நகர்ந்தார்கள்.

இன்னொரு தடை கருவியின் உட்புறத்தில் இருந்தது. செயற்கைக்கோள் கணக்கு ஓய்வின்றிச் சில மீட்டர் அலைவது இயற்கை. சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டி திரையில் ஊசலாடினால் ஓட்டுநர் கலங்குவாரென்று, வேகம் நடையளவுக்குத் தாழும்போது இடத்தை அப்படியே உறையச்செய்யும் ஏற்பாட்டை, அந்நாளில் பெயர்பெற்றிருந்த சர்ஃப் சில்லுகளில் சேர்த்திருந்தார்கள். புதர்களுக்கிடையே மெல்ல அடி வைப்பவனுக்கு இதனால் நேர்ந்தது என்னவென்றால், பெட்டியை நெருங்க நெருங்க, அதாவது யந்திரத்தின் உதவி அதிகமாகத் தேவைப்படும் தருணத்தில், அது அசையாமல் நின்றுவிட்டது. மேலும் அதற்குள் காந்தத் திசைகாட்டி பொதுவாகக் கிடையாது. நகர்ந்தால்தான் திசை தெரியும், நின்றால் அம்புக்குறிக்கு அர்த்தமில்லை. மழை ஆகாது. வண்டியின் மின்சாரத்தை நம்பிச் செய்யப்பட்டதாகையால் தனித்திருந்தால் மின்கலம் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

இந்தக் குறைகளின் நடுவே பெட்டி தேடுவோர் ஒரு கலையைப் பழகிக்கொண்டார்கள். 30 மீட்டர் தூரம் பின்வாங்கி, பெட்டியை நோக்கி விறுவிறுவென்று நேரே நடந்து, அம்பு காட்டும் திசையை மனத்தில் பதித்துக்கொள்வது. பிறகு குறுக்குத் திசையிலிருந்து அவ்வாறே வருவது. இரு கோடுகளும் சந்திக்கும் மரத்தையோ பாறையையோ குறித்துக்கொண்டு, யந்திரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணாலும் கையாலும் தேடுவது. காசுக்கு வாங்கிய காந்தத் திசைகாட்டி ஒன்று பலருக்குத் துணையாயிற்று. கப்பல் மாலுமிகளும் நில அளவைக்காரர்களும் பல தலைமுறைகளாகக் கைக்கொண்ட முறையை, வழி சொல்லும் பொறுப்பையே யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டதாக எண்ணியிருந்த மக்கள், அந்த யந்திரத்தின் குறையின் காரணமாகவே மறுபடி கற்றுக்கொண்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்டாகும் சந்தோஷம் சிறியதன்று.

வீட்டில் அமர்ந்து செய்த வேலையும் உண்டு. பெட்ரோல் பங்க், சாப்பாட்டு விடுதி முதலியவற்றின் ஸ்தானங்களை நூவியில் சேர்ப்பதற்காகக் கார்மின் கம்பெனி இலவசமாக அளித்துவந்த ஒரு மென்பொருளைக் கொண்டு, ஒரு வட்டாரத்துப் பெட்டிகளை நூற்றுக்கணக்கில் அதே வடிவத்துக்கு மாற்றி ஏற்றினார்கள். பெட்டியின் பெயர், கடினத்தின் அளவு, குறிப்பு ஆகியவற்றையும் அதன் பக்கத்திலேயே எழுதிவைத்தார்கள். உத்தியோக நிமித்தம் வெளியூர் செல்பவன், எதிரே வரும் பெட்டியைப் பற்றி வண்டி தானே மணியடித்துச் சொல்லும்படி செய்துகொண்டான்.

2008-இல் கார்மின் வெளியிட்ட நூவி 500, இத்தனை பேர் செய்துவந்த தகிடுதத்தத்தை உற்பத்தியாளரே ஒப்புக்கொண்டு கௌரவித்ததற்கு அத்தாட்சி. அது தண்ணீருக்கு அஞ்சவில்லை. மின்கலத்தைக் கழற்றி மாற்றலாம். வண்டி, நடை, சைக்கிள், படகு என்று தன் நிலையை மாற்றிக்கொண்டது. நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் படத்துடன், ஜியோகேச்சிங் பெட்டிகளின் விவரங்களை நேரே ஏற்று வாசிக்கும் வசதியும் அதற்கு இருந்தது. ஆனால் காலம் அதற்கு அனுகூலமாக இல்லை. அதே ஆண்டில் ஜி.பி.எஸ். பொருத்திய ஐபோன் கடைக்கு வந்தது. மறு ஆண்டு கூகுள் கம்பெனி தொலைபேசிகளில் வழிகாட்டுவதை இலவசமாக்கியது. முன்கண்ணாடி யந்திரத்தின் வியாபாரம் அதன்பின் முன்போல் நிமிரவில்லை. பெட்டி தேடுவோரும் பெரும்பாலோர் கைத்தொலைபேசிக்கு மாறினார்கள்.

மேஜை இழுப்பறைகளில் கிடக்கும் பழைய நூவிகளில் உள்ள தேசப்படங்கள் காலாவதியாகிவிட்டன. புதிய பாலங்களையும் புறவழிச்சாலைகளையும் அவை அறியா. ‘ஆஃப் ரோடு’ கோட்டுக்கோ சாலையே தேவையில்லை ஆகையால், ஒரு புது மின்கலத்தைப் போட்டால் அது 2005-இல் காட்டியபடியே இன்றும் காட்டும். ஜி.பி.எஸ். ஏற்பாட்டில் வாரங்களின் கணக்கு 1,023 வரை ஓடி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவது. 2019 ஏப்ரல் 6-ஆம் தேதி இரவு அப்படித் திரும்பியபோது, புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில, இடத்தைச் சரியாகச் சொல்லிக்கொண்டே தேதியை மாத்திரம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பின்னாகக் காட்டத் தொடங்கின. அவற்றைக்கொண்டு பெட்டியைக் கண்டவர்கள், ஏட்டில் தேதியிடும்போது யந்திரத்தைக் கேட்பதில்லை.