மூணு நிமிஷ சதுரங்கமும் ஒரு கொசுவத்திச் சுருளும்

ராத்திரி ஒன்பதரைக்கு மேல லைவ் போட்டா ஏழு பேர் பார்க்குறாங்க. அதுல ரெண்டு பேர் சித்தப்பா பசங்க, ஒண்ணு என்னோட இன்னொரு மொபைல். :-) ஆமத்தூர்ல இருந்துகிட்டு மூணு நிமிஷ செஸ் ஆடி, ஆடும்போதே வாய் ஓயாம பேசி, கரண்ட் போனா கும்பிடு போட்டுட்டு எழுந்திரிக்கிற ஒரு 'ஸ்ட்ரீமர்' நான். என்னைப் பார்த்து அக்கா பொண்ணும் ஆட ஆரம்பிச்சிருக்கா. பத்தாவது படிக்கிறா. அவளுக்கு மூணு நிமிஷமே ஜாஸ்தி, ஒரு நிமிஷ ஆட்டம்தான். போன மாசம், "மாமா, மாவட்டப் போட்டிக்குப் பேர் குடுக்கட்டுமா? இதையே ஆடிட்டு இருந்தா அங்க ஜெயிக்க முடியுமா?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. தெரியாததை ஒத்துக்காம, கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டினேன்.

கொசுவத்தியைச் சுத்திக்குங்க.

அந்தக் காலத்துல சதுரங்கத்துக்கு நேரமே கிடையாது. ஒருத்தர் ஒரு காய் நகர்த்த மணிக்கணக்கா யோசிப்பார், எதிராளி கொட்டாவி விடுவார். 1861-ல ஆண்டர்சனும் கோலிஷும் மோதினப்ப மணல் கடிகாரம் வெச்சாங்க. 1883 லண்டன் போட்டியில ரெண்டு முகம் உள்ள கடிகாரம் வந்தது. ஒருத்தரோடது ஓடும்போது இன்னொருத்தரோடது நிக்கும். யோசிக்கிற நேரமும் ஒரு காய் மாதிரி ஆனது அதுக்கு அப்புறம்தான். கையில இருக்கும், செலவழிக்கலாம், தீர்ந்துட்டா தோல்வி. நம்ம ஊர் பாஷையில சொன்னா, திரியைப் பத்த வெச்சுட்டு யோசிக்கிற மாதிரி.

அஞ்சு நிமிஷ ஆட்டத்தைப் பெரியவங்க ரொம்ப நாள் விளையாட்டாத்தான் நினைச்சாங்க. 1970-ல யூகோஸ்லாவியாவில் ஹெர்செக் நோவியில ஒரு பிளிட்ஸ் போட்டி நடந்தது. பாபி ஃபிஷர் 22 ஆட்டத்துல 19 புள்ளி எடுத்தார். ரெண்டாவது வந்த மிகையில் தாலுக்கு 14.5 புள்ளிதான். வேகமா ஆடுறதும் ஒரு திறமைன்னு எல்லாரும் ஒத்துக்க வெச்ச போட்டி அது.

அந்தத் தாலோட பேர்ல சென்னையில ஒரு கிளப் இருந்தது. சோவியத் கலாச்சார மையத்துல, இந்தியாவோட முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் (1961) மானுவல் ஆரோன் முன்னே நின்னு வளர்த்த தால் செஸ் கிளப். ரஷ்யப் புத்தகம் கிடைக்கும், காய் கிடைக்கும், ஆள் கிடைக்கும். பலகைதான் பத்தாது. அதனால ஒரு வழக்கம்: தோத்தவன் எழுந்து வரிசையில கடைசிக்குப் போகணும், ஜெயிச்சவன் உக்காந்தே இருக்கலாம். அங்க வந்து உக்காந்த ஒரு சின்னப் பையன் எழுந்திரிக்கவே இல்ல. அம்மா சுசீலாகிட்ட ஆறு வயசுல ஆடக் கத்துக்கிட்ட விஸ்வநாதன் ஆனந்த். பின்னாடி பெரிய போட்டிகள்லயும், அடுத்தவங்க மணிக்கணக்கா யோசிக்கிற ஆட்டத்தை அரை மணி நேரத்துல முடிச்சுட்டு நடந்துட்டே இருப்பாராம். 'மின்னல் சிறுவன்'னு பேரே வந்தது. 1987-ல உலக ஜூனியர் சாம்பியன், 1988-ல நாட்டோட முதல் கிராண்ட்மாஸ்டர். 2003-லயும், 48 வயசுல 2017-லயும் உலக ரேபிட் பட்டம். வரிசையில கடைசிக்குப் போகப் பிடிக்காத பையன் செஞ்ச வேலை!

இதைச் சொன்னதும் மருமக, "அப்ப ஒரு நிமிஷம் ஆடுறது சரிதானே?"ன்னா. இரு தாயி, முடியல.

இணையத்துல ஆடுறது 1992-லயே ஆரம்பிச்சாச்சு, ஐசிஎஸ் சர்வர்ல. 1995-ல அதைக் காசு கட்டி ஆடுற ஐசிசி ஆக்கினாங்க. பிடிக்காதவங்க அதே வருஷம் எஃப்ஐசிஎஸ்னு இலவசமா ஒண்ணு தொடங்கினாங்க. சிவகாசியில ஒரு பிரவுசிங் சென்டர்ல நான் முதல்ல ஆடினது அதுலதான். ஒரு நகர்வு போய்ச் சேர ரெண்டு மூணு செகண்ட் ஆகும், அஞ்சு நிமிஷ ஆட்டத்துல அதுவே ஒரு நிமிஷத்தைத் தின்னுடும். அதுக்கு 'டைம்சீல்'னு ஒரு சின்ன புரோகிராம் வெச்சிருந்தாங்க. நாம யோசிச்ச நேரத்தை நம்ம கம்ப்யூட்டர்லயே அளந்து அனுப்பும், வழியில தொலைஞ்ச நேரம் கணக்குல வராது. அந்த சென்டர்ல அதெல்லாம் போட விட மாட்டாங்க. நான் தோத்ததுக்கெல்லாம் அதுதான் காரணம்னு ரொம்ப வருஷம் நம்பினேன். (இப்ப நம்பல.)

இணைப்பு போற கொடுமை எனக்கு மட்டும் இல்ல. 2020 ஆகஸ்ட் 30, இணையவழி ஒலிம்பியாட் இறுதி ஆட்டம், இந்தியா - ரஷ்யா. ரெண்டாவது சுற்றுல நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்து, நேரம் தீர்ந்து போச்சு. இந்தியா முறையிட்டதும் ரெண்டு நாட்டுக்கும் தங்கம்னு முடிவு பண்ணினாங்க. அதே ஊரடங்குலதான் சமய் ரெய்னான்னு ஒரு நகைச்சுவைக் கலைஞர், பெரிசா ஆடத் தெரியாமலே லைவ்ல செஸ் ஆடி ஜனத்தைக் கூட்டினார். ஆனந்தே வந்து உக்காந்தார். என்னை மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் தைரியம் வந்தது அங்கருந்துதான்.

2022 பிப்ரவரியில 16 வயசு பிரக்ஞானந்தா, ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ்ங்கிற இணைய ரேபிட் போட்டியில கறுப்புக் காயோட கார்ல்சனைத் தோக்கடிச்சார். மே மாசம் இன்னொரு போட்டியில ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆடிட்டு காலையில பதினொண்ணாம் வகுப்புப் பரீட்சைக்குப் போனார்! என் அக்கா இதைப் படிச்சா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா.

இடிக்கிற இடம் குகேஷ். 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல டிங் லிரேனை ஜெயிச்சு, 18 வயசுல உலக சாம்பியன். போட்டிப் பட்டம் எதுவும் இல்லாத ஒரே உலக சாம்பியனா இதுவரைக்கும் அவ்வளவு சின்ன வயசுல யாரும் ஆனதில்ல. அப்ப அவரோட பிளிட்ஸ் மதிப்பெண் கிளாசிக்கலைவிட நல்லாவே கீழ. ஆரம்ப வருஷங்கள்ல அவரோட கோச் விஷ்ணு பிரசன்னா கம்ப்யூட்டர் எஞ்சினையே தொட விடல. சொந்தத் தலையால யோசிக்கப் பழக்கினார். மின்னலும் சாம்பியன் ஆச்சு, நிதானமும் ஆச்சு. ரெண்டும் ஒரே சென்னையில. நான் என்னத்தச் சொல்ல?

என் பழைய வீடியோ நாப்பது எடுத்துப் பார்த்தேன். கூச்சமா இருந்தது. ஒரே தப்பு திரும்பத் திரும்ப: ராஜாவைக் கோட்டைக்குள்ள அனுப்பாம நடுவுலயே விட்டுட்டு ராணியை வெளியில கொண்டு வர்றது. தோத்ததும் அடுத்த ஆட்டத்தை அமுக்குறேன், நடுவுல மூச்சுகூட விடல. தால் கிளப்புல தோத்தவன் வரிசையில கடைசிக்குப் போனான். இருவது பேர் முடிக்கிற வரைக்கும் நின்னு, எங்க தோத்தோம்னு யோசிச்சான், அடுத்தவன் ஆடுறதைப் பார்த்தான். எனக்கு அந்த வரிசை இல்ல. ஒரு பட்டன்தான் இருக்கு.

இதை நான் கண்டுபிடிச்ச தத்துவம்னு எடுத்துக்காதீங்க. ஆனந்த் மாதிரி ஆள் வரிசை இல்லாமலும் வந்திருப்பார். எனக்குச் சரியா வருதான்னு, தோத்தா பத்து நிமிஷம் சும்மா இருக்கணும்னு ஒரு விதி போட்டிருக்கேன். லைவ் பார்க்குறவங்க ஏழுலருந்து நாலு ஆயிட்டாங்க.

மருமககிட்டயும் அதையேதான் சொன்னேன். மாவட்டப் போட்டிக்குப் பேர் குடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை திண்ணையில பலகையை விரிச்சு, ஆளுக்கு அரை மணி நேரம் வெச்சு ஆடினோம். முதல் பத்து நகர்வை ஒரு நிமிஷத்துல அடிச்சுத் தள்ளினா. பதினொண்ணாவதுக்கு என் குதிரை ஒண்ணு வந்து நின்னதும் கையை நீட்டி, அப்படியே பின்னாடி இழுத்துக்கிட்டா. ஆறு நிமிஷம். அக்கா ரெண்டு தடவை காபி வேணுமான்னு கேட்டா, அவ காதுலயே விழல.

அந்த ஆட்டம் நான்தான் ஜெயிச்சேன். அடுத்த வாரம் முடியுமான்னு தெரியல.